ஆட்டுத் தலையும் மூக்கு டாக்டரும்

முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். ஆம்பூரில் ஒரு தோல் டேனரியில் நான் மேஸ்திரியாக இருந்த காலம். ஆவாரம்பட்டை வாடையும் சுண்ணாம்புத் தொட்டி வாடையும் கலந்து வீசும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எங்களுக்கு அது சோற்று வாடை. எனக்கு முப்பத்தைந்து வயது. தொண்டை பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. அத்தனை பேரை வேலை வாங்குகிறவனுக்கு இது இருந்துதான் ஆகவேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

எங்களிடம் தோலை ரகம் பிரிக்கிற ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், ரகக்காரர் என்றே சொல்கிறேன். பதனிட்டுக் காய்ந்த தோலை மேஜைமேல் ஒவ்வொன்றாக விரித்துப் போடுவார்கள். இவர் எதிரே நின்று ஒரே ஒரு பார்வை பார்ப்பார். முதல் ரகம், இரண்டாம் ரகம், கழிவு என்று சொல்லிக்கொண்டே போவார். மற்ற டேனரிகளில் இந்த வேலைக்காரர்கள் தோலைத் தூக்கிப் பிடித்து, தடவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். இவருக்கு அந்தச் சடங்கெல்லாம் கிடையாது. உரிக்கும்போது கத்தி பட்ட காயமோ, உண்ணி கடித்த தழும்போ அந்த ஒரு பார்வைக்குத் தப்பாது. அவர் முதல் ரகம் என்று கட்டின கட்டை மெட்ராஸ் வியாபாரி பிரித்துக்கூடப் பார்க்க மாட்டான்.

அப்பேர்ப்பட்டவர் பிரித்த கட்டு ஒன்று மெட்ராஸிலிருந்து திரும்பி வந்தது. முதல் ரகத்தில் கத்திக்காயம் பட்ட தோல் கிடக்கிறது என்று ஒரு கடிதம் வேறு. அடுத்த மாதம் இன்னொரு கட்டு. முதலாளி பாய் ரொம்ப மென்மையான மனிதர். அவரே என்னைக் கூப்பிட்டு, “இன்னா மேஸ்திரி, மால் இப்டி கீது? எங்க வாப்பா காலத்துலேர்ந்து ஒரு கட்டு திரும்பி வந்ததில்லயே. ரொம்ப பேஜாரா பூட்ச்சி” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தோல்கள் எல்லாம் ஒரே தரகர் கொண்டுவந்து போட்டவை. அந்தத் தரகரோடு ரகக்காரர் டீக்கடையில் நின்று சிரித்துப் பேசியதை நானே இரண்டு தடவை பார்த்திருந்தேன். போதாதா? மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டேன். நேரே அவர் நின்ற இடத்துக்குப் போனேன். எல்லாரும் பார்க்க அவர் சட்டையைப் பிடித்து, “திருட்டுப் பயலே, தரகன்கிட்ட கைநீட்டினியா? முதலாளி உப்பத் தின்னுட்டு அவருக்கே குழி தோண்டுறியா?” என்று கத்தினேன்.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பேசாமல் போனதையே நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். பார்த்தீர்களா, குட்டு வெளிப்பட்டதும் வாய் அடைத்துப்போனது என்று அன்றைக்கு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

ஒரு வாரம் போயிருக்கும். கடைத்தெருவில் நான் வெற்றிலை வாங்கிக்கொண்டு நின்றேன். எதிரே ரகக்காரர் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். வலப்பக்கத்திலிருந்து பட்டை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று இறக்கத்தில் வேகமாக வருகிறது. வண்டிக்காரன் ஹோ ஹோ என்று கத்துகிறான், சந்தைச் சத்தத்தில் அது எடுபடவில்லை. இவர் பாட்டுக்கு அதன்மேலேயே போய் விழப்போகிறவர்போல நடக்கிறார்! வெற்றிலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவரை இழுத்தேன். இரண்டு பேரும் புழுதியில் விழுந்தோம். மாட்டுக் கொம்பு அவர் துண்டைக் கிழித்துக்கொண்டு போனது.

“கண்ணு இன்னா பிடரிலயா கீது?” என்று அங்கேயும் கத்தினேன். பாழாய்ப்போன வாய்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்: “நேரா பாத்தா எல்லாம் தெரியுது மேஸ்திரி. பக்கத்துலதான் ஒண்ணும் தெரியல. ரெண்டு பக்கமும் இருட்டு. ஜட்கா குதிரைக்குக் கண்ணுக்கு ரெண்டு பக்கமும் பட்டை கட்டுவாங்களே, அப்டி கீது.”

“அப்ப அன்னிக்கே சொல்லக் கூடாதா? நான் திருடன்னு கத்தும்போது இதச் சொல்றதுக்கு இன்னா?”

“திருடன்னா வேற டேனரில யாராவது சேத்துப்பாங்க. ரகம் பிரிக்கிறவன் குருடன்னா எவன் சேப்பான்?”

எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் மூன்று. வேறு வேலை தெரியாது. அதனால் திருட்டுப் பட்டத்தைச் சுமந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார் மனிதர். அந்த இடத்திலேயே முடிவு செய்தேன், இவருக்குக் கண்ணைத் திரும்ப வாங்கிக் கொடுக்காமல் நான் ஓயப்போவதில்லை என்று.

பாயிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தெரிந்தவர்களை விசாரித்து, வேலூரில் கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டரைப் பற்றிச் சொன்னார். கண், காது, மூக்கு, தொண்டை எல்லாம் அவரே பார்ப்பார். சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். மறுநாள் காலை பஸ்ஸில் ரகக்காரரையும் அவர் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா பஸ்ஸில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. நியாயம்தான்.

டாக்டர் குள்ளமான மனிதர், விரல்கள் பெண்பிள்ளை விரல்மாதிரி மெல்லிசு. ரகக்காரரின் கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கையை எடுத்துத் தன் கையோடு வைத்துப் பார்த்தார். பிறகு தாடையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். “செருப்பு அளவு மாறிச்சா?” என்று கேட்டார். அந்த அம்மாதான் பதில் சொன்னது: “ரெண்டு வருஷத்துல மூணு தபா மாத்திட்டாரு சார். கல்யாண மோதிரத்த தட்டான்கிட்ட போயி அறுத்து எடுத்தோம். மூக்கு, உதடெல்லாம் தடிச்சிப் போச்சி. தலவலின்னு சுவத்துல முட்டிக்கிறாரு.” தினமும் பார்க்கிற மனிதர். இதில் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

அப்புறம் டாக்டர் அவருக்கு எதிரே நாற்காலி போட்டு முட்டிக்கு முட்டி உட்கார்ந்து, “என் மூக்கையே பாருங்க” என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி விரலை ஆட்டினார். தெரியவில்லை என்றார் ரகக்காரர். கொஞ்சம் உள்ளே கொண்டுவந்தார். தெரியவில்லை. டாக்டரின் விரல் அவருடைய முகத்துக்கு நேராகவே வந்த பிறகுதான் “இப்ப தெரியுது” என்றார். அந்த அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “இவர் தப்பா பிரிச்ச தோல்ல காயம் எங்க இருந்தது? நடுவுலயா, ஓரத்துலயா?”

திரும்பி வந்த கட்டுகளை நானே பிரித்து அடுக்கினவன். யோசித்தேன். எல்லாம் ஓரம். இடது ஓரம், இல்லாவிட்டால் வலது ஓரம். நடுவில் ஒரு கீறல்கூட இல்லை. லஞ்சம் வாங்கினவன் ஓரத்தில் இருக்கிற காயத்தை மட்டுமா பார்த்துப் பார்த்து விடுவான்? மேஸ்திரி என்று பெயர் வைத்துக்கொண்டு இது எனக்குத் தோன்றவில்லை. “எல்லாம் ஓரம் சார்” என்றேன்.

மெட்ராஸுக்கு அனுப்பி மண்டையைப் படம் எடுத்து வரச் சொன்னார். படம் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி விளக்கினார். மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால், எலும்பில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறதாம். அதில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு சுரப்பி. உடம்பு வளர்வதற்கெல்லாம் அதுதான் அதிகாரி. அதில் ஒரு கட்டி வந்து, கை காலைப் பெருக்கவைத்து, கிண்ணத்தை அகலப்படுத்திக்கொண்டு, மேலே போகிற கண் நரம்புகளை அழுத்துகிறது. அப்படியே விட்டால் நடுப்பார்வையும் போய்விடும்.

“தலையத் திறந்து போறதுன்னா மூளையத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டுதான் அங்க போகணும். பெரிய ஆபத்து. ஆனா மூக்கு வழியா போனா மூளையத் தொடவே வேண்டாம், கீழேர்ந்து நேரா கிண்ணத்துக்குப் போயிடலாம்” என்றார். பிறகு படத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “ஒண்ணு சொல்லிடறேன். சீமையில இத நான் பாத்திருக்கேன், கூட நின்னு கை குடுத்திருக்கேன். என் கையால தனியா செஞ்சதில்ல. மெட்ராஸ்ல என்னைவிடப் பெரியவங்க இருக்காங்க, எழுதித் தரேன், போறதுன்னா போங்க.”

எந்த டாக்டர் இப்படிச் சொல்வார்? நான் மெட்ராஸுக்குக் கிளம்பவே தயாராகிவிட்டேன். ரகக்காரர்தான், “தெரியாதத தெரியாதுன்னு சொல்றவர் கையில தலைய குடுக்கறேன் சார். நீங்களே பண்ணுங்க” என்றார்.

“அப்ப மூணு வாரம் டைம் குடுங்க” என்றார் டாக்டர். என்னைப் பார்த்து, “தோல் வியாபாரத்துல இருக்கீங்க, கசாப்புக் கடைக்காரங்க பழக்கம் இருக்குமே. எனக்கு ஆட்டுத் தலை வேணும். ஒண்ணு ரெண்டு இல்ல, நிறைய” என்றார்.

அந்த மூன்று வாரத்தை நான் மறக்கவே மாட்டேன். ஆம்பூரில் விடியற்காலையில் தலைகளை வாங்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு முதல் பஸ் ஏறுவேன். ஒரு நாள் மூட்டையில் என்ன என்று கண்டக்டர் கேட்டதற்கு, தூக்கக் கலக்கத்தில் “தலை” என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் போட்ட கூச்சலில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். சாக்கைப் பிரித்துக் கொம்பைக் காட்டின பிறகுதான் வண்டி நகர்ந்தது.

காலையில் நோயாளிகள் வருவதற்கு முன்னால் டாக்டர் வேலையை ஆரம்பிப்பார். நெற்றியில் வட்டக் கண்ணாடி, பின்னால் ஒரு விளக்கு. அந்த வெளிச்சத்தைக் கண்ணாடியில் வாங்கி மூக்குத் துவாரத்துக்குள் அனுப்புவார். நான் தலையை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். “ஆட்டு மூக்கு வேற, மனுஷன் மூக்கு வேற. ஆனா இத்தனூண்டு சந்துல எப்படி வேலை செய்யறதுன்னு கை பழகணும்ல” என்பார். மூக்கின் நடுத்தண்டின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய சவ்வை, கிழியாமல், அப்படியே எலும்பிலிருந்து பிரித்து ஒதுக்க வேண்டும். நாங்கள் தோலில் கத்தி படாமல் உரிக்கிறவனைத் தேடித் தேடி வேலைக்கு வைக்கிறவர்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இங்கேயோ இருட்டுப் பொந்துக்குள், வெங்காயத் தோலைவிட மெல்லிசில் செய்ய வேண்டும். முதல் நாள் கிழித்தார். இரண்டாம் நாளும் கிழித்தார். கிழிந்ததும் கோபப்பட மாட்டார், “ம், இன்னொண்ணு குடுங்க” என்று மட்டும் சொல்வார். நானாயிருந்தால் தலையைச் சுவரில் வீசியிருப்பேன். மூன்றாவது வாரம் ஒன்றுகூடக் கிழியவில்லை. ஆஸ்பத்திரித் தோட்டக்காரருக்குத் தினமும் தலைக்கறி; ஆள் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் டாக்டர் என்னிடம், “மயக்க மருந்து குடுக்கப் போறதில்ல, மூக்க மட்டும்தான் மரத்துப்போக வைக்கப் போறேன். அவர் முழிச்சிக்கிட்டுதான் இருப்பார். தலை நூலளவு அசையக் கூடாது. மூணு வாரமா பாக்கறேன், உங்க பிடி நல்ல பிடி. நீங்களே பிடிச்சிக்கறீங்களா?” என்று கேட்டார்.

ரகக்காரரின் சம்சாரம், “இவரா? இவரு வேணவே வேணாம்” என்றது. கட்டிலில் உட்கார்ந்திருந்த ரகக்காரர் சிரித்தார். “புடிச்சிக்கட்டும் விடு. சட்டைய புடிச்ச கைதானே, கெட்டியாதான் புடிக்கும்” என்றார். குத்தினாரா, மன்னித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தார்கள். நான் பின்னால் நின்று, சோப்புப் போட்டுத் தேய்த்துச் சிவந்துபோன என் இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். மருந்தில் நனைத்த துணித்திரிகளை மூக்குக்குள் வைத்து மரத்துப்போகச் செய்தார் டாக்டர். வலித்தால் சுட்டுவிரலைத் தூக்கச் சொன்னார். பிறகு சவ்வைப் பிரித்தார். வழியை அகலப்படுத்திப் பிடிக்க நீளமான இரண்டு தகடுள்ள கருவியை உள்ளே விட்டார். பின்னால் இருக்கிற மெல்லிய எலும்பைச் சின்ன உளியால் தட்டினார். டக், டக் என்று அந்தத் தட்டல் அவர் மண்டை வழியாக என் உள்ளங்கையில் இறங்கியது. என் கை ஆடவில்லை. எனக்கு அந்த ஒரு விஷயத்தில் இன்றுவரை கர்வம் உண்டு.

எலும்பைத் தாண்டி ஒரு வெற்றிடம் இருக்கிறது, அதன் பின்சுவர்தான் கிண்ணத்தின் அடி என்று முன்பே சொல்லியிருந்தார். அது முட்டை ஓடுபோலத் தேய்ந்திருக்கிறது என்று முணுமுணுத்தார். அதைத் திறந்து, முனை மழுங்கின சின்னக் கரண்டியால் வழித்தார். குழைந்த சோறு மாதிரி சாம்பல் நிறத்தில் ஏதோ கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ரத்தம் வந்தால் பஞ்சை வைத்து அழுத்திவிட்டுக் காத்திருப்பார். பரபரப்பே கிடையாது. அவசரமே தெரியாத ஒரு மனிதரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

திடீரென்று நிறுத்தினார். “மேல கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு” என்றார் உதவிக்கு நின்ற நர்ஸம்மாவிடம். எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். கருவியை வெளியே எடுத்துவிட்டார். “இருக்கட்டும். அதுக்கு மேல மூளையோட உறை. ஆசைப்படக் கூடாது.” அவ்வளவுதான், திரியை வைத்து அடைத்துவிட்டார். மூன்று வாரம் உயிரைக் கொடுத்துப் பழகின ஒருவர் கடைசித் துணுக்கை அப்படியே விட்டுவிட்டு எழுந்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன்.

அடுத்த மூன்று நாள் நரக வேதனை. காய்ச்சல் வந்தால் ஆபத்து, மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி வடிந்தால் ஆபத்து. மூக்குச் சிந்தக் கூடாது, தும்மவே கூடாது. அந்த அம்மா மிளகாய் வாடை வருகிறது என்று பக்கத்து வீட்டுச் சமையலையே நிறுத்தப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தது. டாக்டர் மணிக்கொரு தரம் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். பார்வையைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்க மாட்டார். அவருக்கும் பயம் என்று எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள் காலை மூக்கில் இருந்த திரியை உருவி எடுத்தார்கள். ரகக்காரர் தலையணையில் சாய்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். சம்சாரம் கால்மாட்டில். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் நான் கட்டிலுக்குப் பக்கவாட்டில், சன்னல் ஓரமாக ஒதுங்கி நின்றேன். எனக்கு அடக்க முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன்.

அவர் தலையைத் திருப்பவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே, “இன்னா மேஸ்திரி, அங்க நின்னுகினு அழுதுகினு கீற?” என்றார்.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் அந்த அம்மா ஐயோ என்று அலறிக்கொண்டு எழுந்தது. டாக்டர் ஓடிவந்தார். நாற்காலியைக்கூட இழுக்காமல் கட்டிலிலேயே எதிரே உட்கார்ந்து கையை நீட்டி விரலை ஆட்டினார். “தெரியுது.” இன்னும் அகலமாக நீட்டினார். “தெரியுது சார், விரல் ஆடுது.” டாக்டர் எழுந்து வராந்தாவுக்குப் போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, “குந்துண்ணா, எத்தினி நாழிதான் நிப்ப” என்றது. அதுதான் அந்த அம்மா என்னிடம் பேசின முதல் பேச்சு.

பெருத்த கை கால் பழையபடி ஆகவில்லை. தலைவலி எப்போதாவது வரும், வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போய் வருவார். ஆனால் பார்வை நிலைத்தது. அவர் வேலைக்குத் திரும்பிய நாளில் நான் எல்லாரையும் கூட்டி நிறுத்தி, “இவரு திருடன் இல்ல, கண்ணுல கோளாறு. விசாரிக்காம கத்துன நான்தான் மடையன்” என்று உரக்கச் சொன்னேன். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு, “செரி செரி, தோலை விரிங்கப்பா” என்றார்.

ஒரு மனிதரின் மூக்குக்குள் கருவியை விடுவதற்கு முன்னால் அந்த டாக்டர் மூன்று வாரம் ஆட்டுத் தலைகளோடு மல்லுக்கட்டினார். அதே மனிதரைத் திருடன் என்று சொல்ல எனக்கு ஒரு தோலை விரித்துப் பார்க்கிற நேரம்கூட ஆகவில்லை என்பது இன்றைக்கும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.